பத்துக் கோழிக்கும் நான்கு ஆட்டுக்கும் ஆகும் நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தத் தேவைக்கும் மனநிறைவுக்குமாகச் சின்னதாக ஒரு பண்ணை வைப்பது பற்றி நாளிதழ்களில் இப்போது அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் எவ்வளவு நிலம் வேண்டும், எந்த இனக் கோழி வாங்கலாம், கொட்டகை எப்படி இருக்க வேண்டும் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. காலையிலும் மாலையிலும் என்ன வேலை, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒருநாள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்வாரில்லை. ஆர்வத்தோடு தொடங்கி நடுவில் கைவிடுகிறவர்கள் இடறி விழுவது இங்கேதான். நிலத்தை அளந்து, உருப்படிகளை எண்ணித் தொடங்குகிறார்கள். தங்கள் கையில் இருக்கும் நேரத்தை எண்ணுவதில்லை. அந்தக் குறையை ஓரளவாவது நிரப்பத்தான் இக்கடிதம்.

பத்து முட்டைக் கோழி, நான்கு ஆடு, வீட்டுக்குப் போதுமான காய்கறிப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். வேலை பழகிய கைக்கே காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், வாரத்தில் ஓர் அரை நாள் தேவைப்படும். பழகாதவருக்கு முதல் ஆறு மாதம் இதைப்போல இரு மடங்கு. வாரக்கடைசியில் எட்டு மணி நேரம் உழைத்து இதை ஈடுகட்ட முடியாது. தண்ணீர், தீவனம், கதவு ஆகிய மூன்றும் நாள்தோறும் கேட்கிற வேலைகள்; நாளைக்கென்று தள்ளிப் போட முடியாதவை.

காலையில் உள்ளே போனதும் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். ஆடுகள் படுத்து அசை போடுகின்றனவா? புழுக்கை உருண்டை உருண்டையாக இருக்கிறதா, களி போல ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எந்தக் கோழியாவது சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து ஒதுங்கி நிற்கிறதா? பிறகு தீவனத்தைப் போட்டுவிட்டு, யார் முன்னால் வருகிறார்கள் என்று பார்ப்பதை விட்டு, யார் வரவில்லை என்று பாருங்கள். கோழியும் ஆடும் பிற விலங்குக்கு இரையாகும் இனங்கள். நோயைக் கடைசி வரை மறைப்பது அவற்றின் இயல்பு. கண்ணை மூடிச் சாய்ந்து நிற்கும் நிலை வந்துவிட்டால் நோய் தொடங்கிப் பல நாள் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடம் பார்க்கிறவருக்குத்தான் முதல் நாளிலேயே தெரியும்.

அடுத்தது தண்ணீர். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 200 முதல் 250 மில்லி லிட்டர் குடிக்கும். வெயில் ஏறினால் இரட்டிப்பாகும். ஆகப் பத்துக் கோழிக்குச் சாதாரண நாளில் 2.5 லிட்டர், கடும் வெயிலில் 5 லிட்டர். ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். கூட்டத்தில் பலமான கோழிகள் தண்ணீர்த் தட்டைக் காவல் காத்து, மெலிந்ததை விரட்டிவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனால் முட்டை குறைந்து, பழைய நிலைக்கு வரப் பல நாள் பிடிக்கும். அதற்கு மேல் நீடித்தால் இறகு உதிர்க்கவே தொடங்கிவிடும்.

பாத்திரத்தில் தண்ணீர் நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. விரலை உள்விளிம்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று வழுக்கினால் அது பாசி மட்டும் இல்லை, கிருமிகள் கூடிக் கட்டிய படலம். மேலே புதுத் தண்ணீர் ஊற்றுவதால் அது போகாது. தினமும் கொட்டிவிட்டு, தேங்காய் நாரோ தூரிகையோ கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகே ஊற்ற வேண்டும். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் சீய்த்துக் கூளத்தை உள்ளே தள்ளிவிடும், எச்சமும் விழும்.

தண்ணீர்ப் பாத்திரத்தின் கீழே இருக்கும் அந்த ஓர் அடி வட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக் கொட்டகையில் பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் பிறக்கின்றன. உமியோ மரத்தூளோ 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பிய ஆழ்கூளம் காய்ந்திருக்கும் வரை எச்சத்தை உறிஞ்சிக்கொண்டு வாடையில்லாமல் இருக்கும். சிந்திய தண்ணீர் சேர்ந்ததும் அடை அடையாகக் கட்டிப்போகும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா நுண்ணுயிரியின் முட்டை எச்சத்தில் வெளிவந்த உடனே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்றால், குறிப்பாக 3 முதல் 6 வார வயதில், எச்சத்தில் இரத்தம் தென்படும், கூனிக் குறுகி நிற்கும், அடுத்தடுத்துச் சாகும். ஆகவே ஈரமான கூளத்தைத் தினமும் காலையில் ஒரு கைமண்வெட்டியால் வாரி எடுத்துவிட்டு அங்கே உலர்ந்ததைப் போடுங்கள். நான்கு மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து, அதன் மேல் பாத்திரத்தை வைத்தால் சிந்துவது வலைக்குக் கீழே போய்விடும். கோழியின் கால் படாது.

கூளத்தின் பக்குவத்தை அறிய ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்ததும் மெல்ல உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. கொஞ்சமும் ஒட்டாமல் தூசாகப் பறந்தால் அதுவும் கோழியின் மூச்சுக்குக் கேடு. வாடையைச் சோதிக்க நின்ற நிலையில் மோந்து பயனில்லை. குனிந்து கோழியின் தலை உயரத்துக்குப் போய் மூச்சை இழுங்கள். அந்த உயரத்தில் கண் எரிந்தால் இரவு முழுக்கக் கோழி அந்த அம்மோனியாவைத்தான் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

தீவனக் கணக்கு எளிது. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம். பத்துக் கோழிக்கு 1.2 கிலோ வரை. காலையில் பாதி, மாலையில் பாதி. இரவில் தட்டில் மிச்சம் கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். முட்டைக் கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை சுண்ணாம்புச்சத்து இருக்கும். ஒரே தீவனம்தானே என்று அதைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள், சிறுநீரகம் கெட்டுவிடும். வெவ்வேறு வயதுக் கோழிகள் ஒன்றாக இருந்தால் எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடலாம். தேவைப்படும் கோழி தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

முட்டையை ஒரு நாளில் இருமுறை எடுக்க வேண்டும். நான்கைந்து கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி, நீளம் அகலம் உயரம் மூன்றும் 30 செ.மீ., உள்ளே தடிமனாக வைக்கோல். கூளம் குறைந்து அடிப்பலகை தெரிந்தால் முட்டை உடையும். உடைந்ததை ஒருமுறை ருசி பார்த்த கோழி பிறகு தானே உடைத்துக் குடிக்கத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

ஆடுகளின் பக்கம் வருவோம். நேரத்தை உண்மையில் விழுங்குவது இவைதான். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் தீவனம், தேவை. பசுந்தீவனத்தில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் தண்ணீர்தான் என்பதால், ஓர் ஆட்டுக்குக் குறைந்தது 4 கிலோ பசுந்தழை வெட்ட வேண்டும். நான்கு ஆட்டுக்கு 16 கிலோ. மாதத்துக்கு 480 கிலோ. மேய்ச்சலுக்கு விட இடமில்லாமல் கட்டிப் போட்டு வளர்ப்பவர் இத்தனையையும் தன் கையால் அறுத்து, தோளில் சுமந்து கொண்டுவர வேண்டும். ஆடு வாங்கும் முன் ஒரு வாரம், ஆடு இல்லாமலே, தினமும் 16 கிலோ தழை அறுத்துக் கட்டிப் பாருங்கள் என்பதே புதியவர்களுக்கு நான் தரும் முதல் ஆலோசனை. எத்தனை ஆடு வைக்கலாம் என்பதை அந்த ஒரு வாரம் துல்லியமாகச் சொல்லிவிடும். ஒற்றை ஆடு மட்டும் வைக்கலாமே என்று குறைத்துவிடவும் வேண்டாம். துணையில்லாத ஆடு நாள் முழுக்கக் கத்தும், தீவனம் எடுக்காது. இரண்டுக்குக் குறையக் கூடாது.

வெட்டிய தழையைத் தரையில் போட்டால் பாதியை மிதித்து வீணாக்கும். ஆடு மிதித்ததையும் மூத்திரம் பட்டதையும் மறுபடி வாயால் தொடாது. கயிற்றில் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்க விடுங்கள். அல்லது சாய்வான கம்பித் தொட்டி அடித்து வையுங்கள். பயறு வகைத் தழையைப் பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிறு உப்பிவிடும். முதலில் ஒரு பிடி வைக்கோலோ காய்ந்த தட்டையோ கொடுத்துவிட்டுப் பிறகு பசுந்தழையைக் கொடுங்கள். இளஞ்சோளப் பயிரில் மிக மிகக் கவனம் வேண்டும். முழங்கால் உயரம் தாண்டாத பயிரிலும், வறட்சியில் வாடி நின்ற பயிரிலும், அறுத்த பின் புதிதாகத் துளிர்த்ததிலும் சயனைடு நஞ்சு கூடுதலாக இருக்கும். மேய்ந்த சில நிமிடங்களிலேயே ஆடு விழுந்துவிடலாம்.

பனி காயும் முன் ஆட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரத்தின் வழியே புல்லின் தாளில் ஏறி நிற்கும். பனி உலர்ந்தால் பெரும்பாலும் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். அதே காரணத்தால் புல்லை அடியோடு மொட்டையாக மேய விடவும் கூடாது. 10 செ.மீ. உயரம் வந்ததும் வேலியால் தடுத்த அடுத்த மேய்ச்சல் பகுதிக்கு மாற்றிவிடுங்கள். குடற்புழு மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்வதால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் விரலால் இழுத்துப் பாருங்கள். உள்தோல் நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளுத்து வெள்ளையாக இருந்தால் இரத்தம் குடிக்கும் புழு ஏறியிருக்கிறது. உடனே மருந்து வேண்டும். அளவை எடை பார்த்துக் கொடுங்கள். குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிடக் கேடு. செம்மறிக்கான அளவே வெள்ளாட்டுக்குப் போதாத மருந்துகளும் உண்டு என்பதால், கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். மழை நாளுக்கு மறுநாள் நகம் இளகியிருக்கும், கத்தி எளிதாக இறங்கும். ஓரத்தில் மடிந்து வளர்ந்ததை முதலில் எடுத்து, இடுக்கில் சேர்ந்த சேற்றைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகத்தை மெல்லிய சீவல்களாக எடுங்கள். இளஞ்சிவப்பு தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். அடுத்த சீவலில் இரத்தம் வரும்.

இனி கதவு. சிறு பண்ணையில் நேரும் பெரிய இழப்புகள் பலவும் சாத்தாத ஒரு கதவில்தான் தொடங்குகின்றன. தானிய மூட்டை இருக்கும் அறைக்கு ஆடு புகுந்தால், பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒரே மூச்சில் தின்ற ஒன்றிரண்டு கிலோ தானியமே உயிருக்கு உலை வைத்துவிடும். முதல் வயிற்றில் தானியம் வேகமாகப் புளித்து அமிலமாகும். அசை நின்றுபோகும், வயிறு தளும்பும், கழிச்சல் காணும், நடை தள்ளாடும். மூட்டை காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை தானியமோ பசுந்தீவனமோ கொடுக்காமல் வைக்கோல் மட்டும் வையுங்கள். வெறும் கொண்டி போட்ட கதவை ஆடு உதட்டாலேயே தூக்கித் திறக்கக் கற்றுக்கொள்ளும். கொண்டியோடு ஒரு ஸ்பிரிங் கொக்கியும் மாட்டுங்கள், அதுவும் கதவின் வெளிப்பக்கத்தில். தீவனத்தை மூடியுள்ள தகர டிரம்மில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேல் வைத்தால் எலியும் ஈரமும் அண்டாது. பூஞ்சணம் பிடித்த தீவனத்தை வெயிலில் காய வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது தவறான எண்ணம். பூஞ்சணம் காய்ந்தாலும் அது விட்ட நஞ்சு அப்படியே இருக்கும். கடலைப் பிண்ணாக்கில் இது கூடுதல்.

கோழிக் கூண்டைச் சாத்துவது பொழுது சாய்ந்து, கோழிகள் தாமாகவே பரணில் ஏறிய பிறகு. சாத்தும் முன் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு எண்ணுங்கள். இருட்டில் கண் எண்ணினால் இரண்டு கோழி ஒன்றாகத் தெரியும். எண்ணும்போதே மார்பெலும்பைத் தடவிப் பார்த்தால் எது மெலிகிறது என்பதும், கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டால் அது நிறைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கூண்டுக்கு அடிக்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் கடித்துக் கிழித்துவிடும், கீரி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கம்பி வலைதான் வேண்டும். தோண்டிக்கொண்டு வரும் விலங்குகளைத் தடுக்க, அதே வலையைச் சுவரோரம் வெளிப்பக்கமாக 45 முதல் 60 செ.மீ. வரை தரையில் படுக்க வைத்து மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள். விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். கால் வலையில் பட்டதும் இரண்டடி தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது.

எருவைப் பற்றி. கோழி எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் இலை ஓரம் கருகும். அதில் தழைச்சத்து அவ்வளவு கூடுதல். சருகு, வைக்கோல், மரத்தூள் போன்ற காய்ந்த பொருளோடு கலந்து மட்கவைக்க வேண்டும். குவியல் எல்லாப் பக்கமும் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூடு தங்காது. நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் 55 முதல் 65 டிகிரி வரை ஏறி நன்றாக வேலை நடக்கிறது. சூடே இல்லை என்றால் காய்ந்துகிடக்கும் அல்லது பச்சைப் பொருள் போதாது. அழுகல் நாற்றம் என்றால் ஈரம் மிஞ்சிக் காற்றுப் போகவில்லை. சருகு சேர்த்துப் புரட்டிப் போடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரி போன்றவற்றுக்கு மட்காத சாணத்தைப் போடுவதானால், போட்ட நாளிலிருந்து அறுவடை வரை 4 மாதம் இடைவெளி இருக்கட்டும்.

காய்கறிப் பாத்தியில் தினசரி வேலை குறைவு. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் ஆழமாக நீர் விடுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மண்ணின் மேல் பரப்பும் சருகு, வைக்கோல் மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. போதும், தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். சொட்டுநீர் போட்டவர்கள் வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, மாதம் ஒருமுறை குழாய்களின் முனையைத் திறந்து கசடை வெளியேற்றிவிடுங்கள்.

வாராந்திர அரை நாளில் முதல் வேலை வேலியைச் சுற்றி நடப்பது. கம்பத்தை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இல்லாத கம்பமும், முட்டுக் கொடுக்காத மூலைக் கம்பமும்தான் முதலில் சாயும். மூலை சாய்ந்தால் அந்தப் பக்கம் முழுக்கக் கம்பி தளர்ந்துவிடும். மின்வேலி என்றால் புல் கம்பியைத் தொடாமல் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மின்வீச்சு மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலி முடிந்ததும் அரிவாளைத் தீட்டி, மண்வெட்டியைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மழுங்கிய அரிவாளால் 16 கிலோ தழை அறுப்பவரின் மணிக்கட்டு அடுத்த வாரமே வலிக்கும்.

புதிதாக வாங்கிய ஆட்டையோ கோழியையோ நேராகக் கூட்டத்தில் விட வேண்டாம். 30 நாள் தனி அடைப்பு, தனிப் பாத்திரம். தினமும் பழையவற்றின் வேலையை முடித்த பிறகே அங்கே போக வேண்டும். போய்வந்த செருப்போடு திரும்பக் கொட்டகைக்குள் நுழையக் கூடாது.

கடைசியாக, ஊருக்குப் போக வேண்டிய நாள். எல்லாருக்கும் வரும் அது. ஆனால் அதற்கான ஏற்பாட்டைப் பண்ணை தொடங்கும் அன்றே செய்வோர் மிகக் குறைவு. ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மழை படாதபடி பாலித்தீன் உறையில் போட்டுக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் மாட்டுங்கள். கோழி எத்தனை, ஆடு எத்தனை, யாருக்கு எந்த டிரம்மில் எத்தனை குவளை, எந்தக் கதவுக்கு எந்தக் கொக்கி, எந்த ஆட்டுக்கு என்ன மருந்து, மருத்துவரின் எண் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். "கொஞ்சம்", "போதுமான அளவு" என்று எழுதாமல், அளக்கும் குவளையையே டிரம்முக்குள் போட்டு வையுங்கள். பார்த்துக்கொள்ள வருபவரை வாயால் சொல்லி அனுப்பாமல், கிளம்புவதற்கு முந்தைய வாரமே ஒரு காலையிலும் ஒரு மாலையிலும் அழைத்து, எல்லா வேலையையும் அவர் கையாலேயே செய்ய வைத்து, நீங்கள் பேசாமல் நின்று பாருங்கள். மாலை வேலையை நன்றாக இருட்டிய பிறகு முடிக்கச் சொல்லுங்கள். கைவிளக்கோடு பரணில் கோழியை எண்ணவும், அந்த ஸ்பிரிங் கொக்கியை இருட்டில் தடவி மாட்டவும் அவருக்கு அன்றைக்கே பழகிவிட வேண்டும்.

இப்படிக்கு,
சிறு பண்ணை வைத்திருக்கும் வாசகர்